ஒரே பையன், மூன்று கோடுகள்: குழந்தைகளின் பிஎம்ஐ வரைபடங்கள் மேல் ஒரு விமர்சனம்

ஒரு பத்து வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். உயரம் 140 செ.மீ., எடை 37.5 கிலோ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 19.1 வரும். அதுதான் அவனுடைய பிஎம்ஐ, அதாவது உடல் நிறைக் குறியீட்டெண். இப்போ கேள்வி: பையன் குண்டா, ஒல்லியா, சரியா இருக்கானா?

போனில் இருக்கும் சாதாரண பிஎம்ஐ கணிப்பானில் போட்டால் "சரியான எடை" என்று பச்சையாகக் காட்டும். 18.5க்கு மேல், 25க்குக் கீழ் என்பது அதன் விதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடத்தில் பத்து வயதுப் பையன்களுக்கு "அதிக எடை" 18.5ஐத் தாண்டியதும் ஆரம்பிக்கிறது. அதன்படி இவன் அதிக எடை. சர்வதேச உடற்பருமன் பணிக்குழுவின் 2000ஆம் ஆண்டு அட்டவணையிலோ அதே வயதுக்கு அந்தக் கோடு 19.84. அதன்படி இவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். 18.5 என்ற அதே எண், பெரியவர்களுக்கு "இதற்குக் கீழே போனால் ஒல்லி" என்ற கோடு. பத்து வயதுப் பையனுக்கு "இதற்கு மேலே போனால் அதிக எடை" என்ற கோடு. எண் ஒன்று, பொருள் நேர் எதிர்.

நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரே உள்ளீட்டுக்கு மூன்று நிரல்கள் மூன்று விடை கொடுத்தால், எது சரி என்று கேட்பதற்கு முன்னால், ஒவ்வொன்றும் எந்தத் தரவை வைத்துக்கொண்டு பேசுகிறது என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். ஒரு புத்தகத்தை விமர்சிக்கும்போது யார் எழுதியது, எப்போது, யாரை மனதில் வைத்து என்று கேட்கிறோம் இல்லையா? அதே கேள்விகளை இந்த வரைபடங்களிடம் கேட்டுப் பார்த்த குறிப்புதான் இது.

சூத்திரத்தின் பூர்வீகம்

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் யோசனை அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரருடையது. வானியலாளர், புள்ளியியலாளர். 1830களில் "சராசரி மனிதன்" எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தார். உடற்பருமன் அவர் கவலையே இல்லை. வளர்ந்து முடிந்தவர்களிடம் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று கண்டார். பலரும் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு: வளரும் பருவத்துக்கு அவர் வேறு விதி சொன்னார். அப்போது எடையின் வர்க்கம், உயரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்றார். அதாவது அடுக்கு 2 இல்லை, 2.5. சூத்திரத்தின் தந்தையே அது குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

பிஎம்ஐ என்ற பெயர் 1972இல் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரையில் வந்தது. அதில் அலசப்பட்டவர்கள் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்கள். அத்தனை பேரும் வளர்ந்தவர்கள்.

பிறகு பெரியவர்களுக்கு 25, 30 என்ற கோடுகள் வந்தன. அவற்றுக்கு ஒரு நியாயம் உண்டு. பிஎம்ஐ ஏற ஏறச் சர்க்கரை நோய், இதய நோய், மரணம் எப்படி ஏறுகின்றன என்று பார்த்து, அதையொட்டி வைத்த கோடுகள் அவை. வட்டமான எண்கள்தான், இருந்தாலும் பின்னால் ஏதோ ஒரு விளைவு நிற்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அது கடினம். எட்டு வயதில் கூடின எடையின் விளைவு பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில்தான் வெளிப்படும். அதனால் குழந்தைகளுக்கான கோடுகள் நோயைப் பார்த்து வரையப்படவில்லை. மற்ற குழந்தைகளைப் பார்த்து வரையப்பட்டன. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

வயதோடு ஆடும் எண்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆண் குழந்தை வரைபடத்தில் நடுக்கோட்டை மட்டும் பாருங்கள். ஒரு வயதில் சுமார் 16.8. ஐந்து வயதில் 15.3க்கு இறங்குகிறது. பத்து வயதில் 16.4. பதினைந்தில் 19.8. பத்தொன்பதில் 22.2. ஆரோக்கியமான குழந்தையின் பிஎம்ஐ முதலில் ஏறி, பிறகு இறங்கி, பள்ளிக்கூடம் போகும் வயதில் அடித்தட்டைத் தொட்டு, மறுபடி ஏறும். இந்த மறு ஏற்றத்துக்குக் "கொழுப்பு மீளெழுச்சி" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 1984இல் பிரான்சின் ரோலான்-கஷேராவும் சக ஆய்வாளர்களும் இதை விவரித்தார்கள். இந்த மறு ஏற்றம் சீக்கிரமே தொடங்கும் குழந்தைகள் பிற்காலத்தில் அதிக எடையோடு இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது அவர்கள் கண்டது.

ஆக, ஒரு வயதுக் குழந்தை கொழுகொழுவென்று இருந்து ஐந்து வயதில் விலா எலும்பு தெரிவது இயற்கை. "பிள்ளை இளைச்சுப் போச்சே" என்று வீட்டில் எல்லாரும் பதறுகிற அதே வருடங்களில்தான் வரைபடமும் இறங்குகிறது.

ஐந்தரை வயது, 112 செ.மீ., 22.5 கிலோ உள்ள ஒரு பையனைப் பெரியவர்கள் கணிப்பானில் போட்டால் 17.9 வரும், "எடை குறைவு" என்று சொல்லும். பாட்டி இன்னொரு தோசை வைப்பாள். ஆனால் உலக சுகாதார நிறுவனம், பணிக்குழு இரண்டின் கோடுகளின்படியும் அவன் அதிக எடை. வயதையும் பாலினத்தையும் கேட்காத கணிப்பானில் குழந்தையின் அளவைப் போடவே கூடாது. நான்கு உள்ளீடு தேவைப்படுகிற இடத்தில் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு நம்பிக்கையோடு விடை சொல்லும் நிரல், விடையே சொல்லாத நிரலைவிட ஆபத்தானது.

95வது பெர்சன்டைலுக்கு மேல் ஐந்தில் ஒருவர்

சரி, வயதும் பாலினமும் சேர்த்தாயிற்று. இப்போது வரைபடம் ஒரு பெர்சன்டைல் சொல்லும். 90வது பெர்சன்டைல் என்றால், அதே வயது, அதே பாலினத்தில் 100 குழந்தைகளை பிஎம்ஐ வரிசையில் நிறுத்தினால் இவன் பின்னால் 90 பேர், முன்னால் 10 பேர். எளிமையான விளக்கம்தான். ஆனால் எந்த 100 குழந்தைகள்?

அமெரிக்காவின் சிடிசி வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 85வது பெர்சன்டைலிலிருந்து அதிக எடை, 95இலிருந்து உடற்பருமன். வரையறைப்படி 100க்கு 5 பேர்தானே 95க்கு மேல் இருக்க முடியும்? ஆனால் 2017–2020 கணக்கெடுப்பில் 2 முதல் 19 வயது அமெரிக்கப் பிள்ளைகளில் 19.7 சதவீதம் பேர் அந்தக் கோட்டுக்கு மேலே. 100இல் 5 பேருக்கான இடத்தில் 20 பேர்!

கணக்கு தப்பில்லை. அந்த வரிசையில் நிற்பது இன்றைய குழந்தைகள் இல்லை, அவ்வளவுதான். வரைபடம் வெளியானது 2000இல். ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களின் பிஎம்ஐக்கு அதில் பயன்பட்டது 1963 முதல் 1980 வரை அளக்கப்பட்ட குழந்தைகளின் தரவு. 1988–94 கணக்கெடுப்புத் தரவும் கையில் இருந்தது. அதற்குள் பிள்ளைகளின் எடை கூடிவிட்டதால், இந்த வயதுக்காரர்களின் எடைத் தரவை வேண்டுமென்றே விலக்கினார்கள்.

இது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஊரே பருத்த பிறகு ஊரையே அளவுகோலாக வைத்தால், யாருமே பருமன் இல்லை என்றாகிவிடும். என் குறை, "பெர்சன்டைல்" என்ற சொல்லை அப்படியே விட்டுவைத்ததில். அதைக் கேட்கும் அம்மா அப்பா, தங்கள் பிள்ளையை வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் பிள்ளை, இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கக்கூடிய அமெரிக்கர்களின் பால்யத்தோடு ஒப்பிடப்படுகிறது.

இன்னொரு தொழில்நுட்பக் குறை. இந்த வரைபடங்கள் டிம் கோல் உருவாக்கிய எல்எம்எஸ் முறையில் செய்யப்பட்டவை. ஒவ்வொரு வயதுக்கும் மூன்றே எண்கள்: சாய்வு, நடுமதிப்பு, பரவல். அழகான சுருக்கம், நிரலாளன் கண்ணுக்கு விருந்து. ஆனால் பிஎம்ஐயில் சாய்வெண் எதிர்மறை. சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், சாய்வு −2, பரவல் 0.12 என்றால், பிஎம்ஐ எவ்வளவுதான் ஏறினாலும் மதிப்பெண் 4.17ஐத் தாண்டவே தாண்டாது. மிக அதிக எடையுள்ள பிள்ளைகள் எல்லாரும் 99.9க்குப் பக்கத்தில் நெரிசலாக நிற்பார்கள். ஒரு வருடம் பாடுபட்டு எடையைக் குறைத்தாலும் பெர்சன்டைலில் அசைவே தெரியாது. இதைச் சரிசெய்யத்தான் சிடிசி 2022இல் மேல்கோடியை நீட்டித்துப் புதிய வரைபடங்கள் வெளியிட்டது.

மற்ற மூன்று வரைபடங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் வேலையில் இரண்டு பாகம். ஐந்து வயதுக்குக் கீழே 2006இல் வந்த தரநிலை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து செய்தது. இந்தியாவில் டெல்லிக் குழந்தைகள். "குழந்தை எப்படி வளர வேண்டும்" என்று சொல்லத் துணிந்த வரைபடம் இது. ஐந்துக்கு மேலே 2007இல் வந்தது அப்படி இல்லை. 1977இல் வெளியான பழைய அமெரிக்கத் தரவை மறுபடி மெருகேற்றியது. "குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள்" என்று மட்டுமே அதனால் சொல்ல முடியும். இரண்டையும் ஒட்டுப்போட்ட தையல் வெளியே தெரியாதபடி கோடுகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் பெயர் வைப்பதில் தையல் பிரிந்து நிற்கிறது. ஐந்துக்குக் கீழே, நடுவிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் தாண்டினால்தான் அதிக எடை. ஐந்துக்கு மேலே ஒன்று தாண்டினாலே அதிக எடை. நடுவிலிருந்து ஒன்றரை விலக்கத்தில் இருக்கும் குழந்தை, ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் "அபாயம் இருக்கலாம்" என்ற பட்டியலில் இருக்கும். கேக் வெட்டின அடுத்த வாரம் "அதிக எடை". குழந்தையிடம் எதுவும் மாறவில்லை.

பணிக்குழுவின் 2000ஆம் ஆண்டு வேலை எனக்குப் பிடித்தது. கோலும் சகாக்களும் பிரேசில், பிரிட்டன், ஹாங்காங், நெதர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஆறிடத் தரவை எடுத்து, 18 வயதில் 25ஐயும் 30ஐயும் தொடுகிற கோடுகளைப் பின்னோக்கி இழுத்தார்கள். பெரியவர்களின் கோட்டுக்கு நோய் என்ற நங்கூரம் இருக்கிறது, அதைக் குழந்தைகளுக்குக் கடன் வாங்குவோம் என்ற யோசனை. நேர்மையான தீர்வு. ஆனால் நங்கூரம் எங்கே போடப்பட்டது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

அதற்கு இந்தியப் பதில் 2015இல் வந்தது. இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அமைப்பு, சென்னையும் மதுரையும் உட்பட 14 நகரங்களிலிருந்து 87,022 குழந்தைகளின் தரவைத் திரட்டி, சலித்து, 33,148 பேரை வைத்து 5 முதல் 18 வயது வரைக்கான வரைபடம் போட்டது. கோலின் உத்தியேதான், ஆனால் நங்கூரம் 25, 30க்குப் பதிலாக 23, 27. இந்த வரைபடத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், தரவில் இருப்பவர்கள் நடுத்தர, மேல்தட்டுக் குடும்பத்து நகரப் பிள்ளைகள் என்பதையும் மறக்கக்கூடாது. வறுமையால் வளர்ச்சி குன்றியவர்களைச் சேர்த்தால் கோடு கீழே இறங்கிவிடும் என்பது நியாயமான காரணம். இருந்தாலும் "இந்தியக் குழந்தை" என்று அந்த வரைபடம் சொல்லும்போது அதில் கிராமத்துப் பள்ளிக்கூடம் இல்லை.

23 ஏன்?

புனேயின் யாஜ்னிக், பிரிட்டனின் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004இல் தங்களையே படம் எடுத்து லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு பிரிட்டிஷ்காரருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். ஒரு பக்கக் கட்டுரைதான், ஆனால் பிஎம்ஐ எதைப் பார்க்காது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்று புனே ஆய்வு சொன்னது. அங்கே கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ; ஒப்பிட்ட சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறியவை, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கோட்டைக் கீழே வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் வரைபடத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. 2016–18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது இந்தியப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மீறிய ஒல்லி. அதிக எடை 5 சதவீதம். நகரத்து வாட்ஸப் குழுக்களில் நாம் பேசுவதெல்லாம் இந்த ஐந்தைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடத்துச் சீட்டு

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது. போன வருடம் பள்ளியில் உடல் பரிசோதனை முடிந்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். பிஎம்ஐ என்று ஒரு எண், பக்கத்தில் "அதிக எடை" என்று சிவப்பில். எந்த வரைபடம், என்ன பெர்சன்டைல், போன வருடம் எவ்வளவு, எதுவும் இல்லை. சீட்டை வாங்கியது குழந்தைதான், பெற்றோர் இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் வேனில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் மதியச் சாப்பாட்டைப் பாதி மிச்சம் வைத்துக் கொண்டுவந்தாள் என்று அக்கா சொன்னாள். பூப்பெய்தும் வயதில் பெண் குழந்தைக்கு எடை கூடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

சரி, உயரத்தை அளந்தது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். நம்ம 140 செ.மீ. பையனுக்கே வருவோம். சுவரில் ஒட்டிய நாடாவில் இரண்டு சென்டிமீட்டர் குறைத்து 138 என்று எழுதி, சீருடை, ஷூ, பெல்ட்டோடு எடையில் ஒரு கிலோ கூடினால் 19.1 என்பது 20.2 ஆகிவிடும். பணிக்குழுவின் 19.84 கோட்டையும் தாண்டிவிட்டான். அளவுப் பிழையாலேயே ஒரு குழந்தைக்குப் பட்டம் மாறுகிறது.

"ஆனாலும் பெற்றோருக்குத் தெரிவிப்பது நல்லதுதானே?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம் 2003இலேயே பிஎம்ஐ அறிக்கையை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் போட்டது. பிறகு கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில், சுமார் 28,000 மாணவர்களை வைத்து முறையான சோதனை நடந்தது. முடிவு 2021இல் வெளியானது. அறிக்கை அனுப்பியதால் பிள்ளைகளின் பிஎம்ஐயில் எந்த முன்னேற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல் மேல் அதிருப்தி மட்டும் கூடியிருந்தது. பலன் பூஜ்யம், பக்க விளைவு உண்டு. ஒரு மருந்தாக இருந்தால் கடையில் விற்க விடமாட்டார்கள்.

அப்போ தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு தராசும் ஒரு நாடாவும் போதும், ஊசி இல்லை, செலவு இல்லை என்பது சின்ன விஷயம் கிடையாது. கோட்டுக்கு வெகு மேலே இருக்கும் பிள்ளைகளிடம் கூடுதல் கொழுப்பைக் கண்டுபிடிப்பதில் பிஎம்ஐ நன்றாகவே வேலை செய்கிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்களிடம்தான் தடுமாறுகிறது. மக்கள்தொகையின் போக்கைப் பார்க்கவும், யாரை மருத்துவர் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று சலிக்கவும் இது நல்ல கருவி. தீர்ப்பு எழுத இது போதாது.

வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். ஒரே வரைபடத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு புள்ளியாக, இரண்டு மூன்று வருடம் குறித்து வாருங்கள். பிள்ளை தன் தடத்திலேயே போகிறதா, கோடுகளைத் தாண்டித் தாண்டி ஏறுகிறதா அல்லது இறங்குகிறதா என்பதுதான் செய்தி. இரண்டு கோட்டைத் தாண்டினால் குழந்தை மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். ஐந்து வயதுக்கு மேல் இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கலாம். அது உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது நல்லது என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 முதல் சொல்கிறது. இதற்கு அட்டவணையே தேவையில்லை.

பள்ளியிலிருந்து சீட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வரைபடம், எந்தத் தேதியில் எப்படி அளந்தீர்கள், முந்தைய அளவு என்ன. மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அந்தச் சீட்டைப் பிள்ளை கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் ஒழுங்காக ஒருமுறை அளந்து பாருங்கள்.